ஸ்பீட்வே உலகக் கோப்பையில் அணி எங்கே இருக்கிறது?

உப்புவெளியில் கராஜ் வைத்திருக்கும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். போலந்தில் நடந்த ஸ்பீட்வே உலகக் கோப்பை வீடியோ ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். முட்டை வடிவ மண் பாதையில் நான்கு பைக்குகள் ஓடி, ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. "பிரேக் இல்லை என்கிறார்கள், உண்மையா? நாடுகளுக்கிடையிலான அணிப் போட்டி என்கிறார்கள், ஆனால் ஆளாளுக்குத் தனியாகத்தானே ஓடுகிறார்கள், இதில் அணி எங்கே இருக்கிறது? திருகோணமலையில் இப்படி ஒன்று நடத்த ஏலுமா?" இவைதான் அந்தக் கேள்விகள்.

நல்ல கேள்விகள் தம்பி. இரண்டாவது கேள்விக்கு விடை எனக்கே பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். நான் டென்மார்க்கின் தென் ஜட்லாந்தில் நெடுங்காலம் வேலை செய்தவன். பக்கத்தில் வோயென்ஸ் என்று ஒரு சிறிய ஊர். மூன்று முறை உலகச் சம்பியனான ஓலே ஓல்சன் 1975இல் அங்கே ஒரு ஸ்பீட்வே அரங்கத்தைக் கட்டினார். சனத்தொகையைப் பார்த்தால் நம்முடைய கிண்ணியாவை விடச் சின்ன ஊர் அது. ஆனால் உலகக் கோப்பை இறுதிப் போட்டிகள் அங்கே பல முறை நடந்திருக்கின்றன. அங்கே போய்த்தான் இந்த விளையாட்டை நான் கற்றுக்கொண்டேன்.

முதலில் பிரேக் விஷயம். உண்மைதான், பிரேக் கிடையாது. முன் சில்லுக்கும் இல்லை, பின் சில்லுக்கும் இல்லை. மாற்ற கியரும் இல்லை, ஒரே கியர்தான். ஒற்றைச் சிலிண்டர், 500 சிசி, நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின். பெற்றோலுக்குப் பதில் மெதனோல். பைக்கின் எடை 77 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பது விதி, எல்லோரும் அந்த எல்லையை ஒட்டியே கட்டுவார்கள். எஞ்சின் கொடுக்கும் வலு 80 குதிரைத்திறன் அளவுக்குப் போகும். உங்கள் கராஜுக்கு வரும் பல்சர் 150ஐ நினைத்துப் பாருங்கள். அது 140 கிலோவுக்கு மேலே, வலு சுமார் 14 குதிரைத்திறன். அதன் எடையில் பாதியளவே உள்ள வண்டிக்கு ஐந்து மடங்குக்கு மேல் வலு. அதற்கு ஏன் பிரேக் வைக்கவில்லை என்று கேட்பது நியாயம்.

பிரேக் இல்லாததே ஒரு பாதுகாப்பு என்பதுதான் பதில். நான்கு பேர் கைப்பிடியோடு கைப்பிடி உரசுகிற அளவுக்கு நெருங்கித் திருப்பத்துக்குள் நுழைகிறார்கள். அதில் ஒருவர் பயந்து பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் நேரே அவர் மேல் ஏறிவிடுவார். யாராலும் சட்டென்று வேகத்தைக் குறைக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், பக்கத்தில் இருப்பவர் அடுத்த நொடி எங்கே இருப்பார் என்று கணிக்கலாம்.

பிறகு எப்படித் திரும்புகிறார்கள்? இது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். கன்னியா பக்கம் கிரவல் றோட்டில் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் பின் சில்லு வெளியே வழுக்கும். அந்த நேரம் பயத்தில் எக்ஸலேட்டரைச் சடாரென்று விட்டுவிட்டால் என்ன நடக்கும்? வழுக்கிக்கொண்டிருந்த சில்லு திடீரென்று மண்ணைப் பிடிக்கும், பைக் நிமிர்ந்து ஆளைத் தூக்கி வெளியே எறியும். ஸ்பீட்வேகாரர்கள் அந்த வழுக்கலை வேண்டுமென்றே தொடங்கி, எக்ஸலேட்டரை விடாமல் பிடித்து, திருப்பம் முழுக்க அதைத் தொடர வைக்கிறார்கள். பைக் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும், முன் சில்லு வலப்பக்கம் பார்க்கும். வழுக்கும் பின் சில்லே வேகத்தையும் குறைக்கிறது, திசையையும் திருப்புகிறது. இடது காலில் இரும்பு அடி போட்ட சப்பாத்து. அந்தக் காலை மண்ணில் இழுத்துக்கொண்டு போவார்கள். திருப்பம் எல்லாமே இடப்பக்கம்தான். கோணேசர் கோயிலை நாங்கள் வலம் வருகிறோம், இவர்கள் நான்கு சுற்றும் இடம் வருகிறார்கள்.

மணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த எஞ்சின்களில் நெடுங்காலம் ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஒயில்தான் போட்டார்கள். அது எரிகிற மணம் அரங்கம் முழுக்க நிற்கும். அம்மம்மா தலையில் வைத்த எண்ணெயின் மணம் ஒரு அந்நிய நாட்டில், இருட்டில், எஞ்சின் சத்தத்தோடு வந்தபோது என் மனம் என்ன பாடுபட்டது என்று எழுதத் தெரியவில்லை.

இனி அணி விஷயம். இதைத்தான் ஆற அமரச் சொல்ல வேண்டும்.

நாடுகளுக்கிடையிலான அணிப் போட்டி 1960இல் உலக அணிக் கோப்பை என்ற பெயரில் தொடங்கியது. முதல் இறுதி கோத்தன்பர்க்கில் நடந்தது, சுவீடன் வென்றது. அடுத்த வருடம் வ்ரோத்ஸ்வாவ் நகரில் போலந்து. பிறகு ஒரு காலம் பிரிட்டன், ஒரு காலம் டென்மார்க். 1983 முதல் 1988 வரை ஆறு வருடம் தொடர்ந்து டென்மார்க்தான். எரிக் குண்டர்சன், ஹான்ஸ் நீல்சன் என்ற இரண்டு பேரை அந்த நாட்டில் இன்றும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்காவும் இடையில் சில முறை வென்றிருக்கிறது. 2001இல் இந்தப் போட்டி ஸ்பீட்வே உலகக் கோப்பை என்று புது உருவம் எடுத்தது. ஐந்து முறை உலகச் சம்பியனான சுவீடன்காரர் ஓவே ஃபுன்டினின் பெயர்தான் அந்தக் கோப்பைக்கு.

எனக்கு மிகவும் பிடித்த வருடம் 1979. லண்டன் வைட் சிற்றி அரங்கில் நியூசிலாந்து வென்றது. அப்போது அந்த நாட்டின் சனத்தொகை சுமார் 30 இலட்சம். அணியை முன்னின்று நடத்திய ஐவன் மோகருக்கு வயது 39. அதே மாதம் போலந்தில் தனிநபர் உலகப் பட்டத்தை ஆறாவது முறை வென்றுவிட்டு வந்திருந்தார். ஆனால் அன்று மோகர் ஒருவரால் மட்டும் வெல்ல முடிந்திருக்காது. லாரி ரொஸ், மிச் ஷிரா, புரூஸ் கிரிப் ஆகியோரும் புள்ளி சேர்த்ததால்தான் கோப்பை நியூசிலாந்துக்குப் போனது. ஏன் அப்படி என்பது கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

உலகக் கோப்பையில் ஒரு இரவில் நான்கு நாடுகள் மோதும். 2001க்குப் பிறகு நெடுங்காலம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஐந்து பேர், மொத்தம் 25 ஓட்டங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒருவர். சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று நாட்டுக்கு ஒரு ஹெல்மெட் நிறம். முதலாவதாக வந்தால் 3 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1, கடைசிக்குப் பூச்சியம். ஆக நீங்கள் சொன்னது சரி, பாதையில் இருக்கும் நேரத்தில் ஒருவருக்குப் பக்கத்தில் சொந்த அணிக்காரர் யாரும் இல்லை. மூன்று எதிரிகள்தான்.

ஆனால் கூட்டிப் பாருங்கள். ஒரு ஓட்டத்துக்கு 6 புள்ளி, 25 ஓட்டத்துக்கு 150. உலகத்திலேயே மிகச் சிறந்த வீரர் உங்கள் அணியில் இருக்கிறார், தன்னுடைய ஐந்து ஓட்டத்தையும் வெல்கிறார் என்று வையுங்கள். அவர் கொண்டுவருவது 15. 150இல் 15. மிச்சம் நான்கு பேர் மூன்றாவதும் நான்காவதுமாக வந்துகொண்டிருந்தால் அந்தச் சூரருக்கும் பதக்கம் இல்லை. இன்னொரு பக்கமாகப் பாருங்கள். ஒரு அணியின் ஐந்து பேரும் நான்காவதாக வரும் இடத்தில் மூன்றாவதாக வந்தால் இரவு முடியும்போது 25 புள்ளி கூடுதல். அது கோப்பைக்கும் கடைசி இடத்துக்கும் இடையிலான தூரம்.

2008இல் வோயென்ஸில் இறுதிப் போட்டி. ஜூலை மாதம், இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருந்தது. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒரு டேனிஷ் பெரியவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டென்மார்க் அணியில் நிக்கி பெடர்சன். அந்தக் காலத்தில் அவரை அடிக்க ஆளில்லை, 2003, 2007, 2008 என்று மூன்று வருடம் தனிநபர் உலகச் சம்பியன். நான் எழும்பி நின்று அவரையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துச் சொன்னார்: "முன்னால் போகிறவரைப் பார்க்காதே. மூன்றாவதைப் பார்."

அதற்குப் பிறகுதான் என் கண் திறந்தது. முன்னால் போகிறவர் நல்ல புறப்பாடு எடுத்து, முகத்தில் மண் படாமல், தனக்குப் பிடித்த கோட்டில் போய்விடுவார். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில் நடப்பதுதான் யுத்தம். முன்னால் போகும் சில்லுகள் எறியும் மண் முழுவதும் முகத்தில். கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை ஒவ்வொன்றாகக் கிழித்து எறிந்துகொண்டு, ஒரே ஒரு புள்ளிக்காக ஒருவர் நாலாவது சுற்றின் கடைசித் திருப்பத்தில் வேலியை ஒட்டி வெளிப்பக்கமாக அள்ளிக்கொண்டு வருவார். அந்த ஒரு புள்ளிக்காக அவர் எலும்பை அடகு வைக்கிறார். தனிநபர் போட்டியில் அந்த இடத்தில் சிலர் விட்டுவிடுவார்கள். நாட்டுக்கு ஓடும்போது விடமாட்டார்கள். அன்று இரவு கோப்பை டென்மார்க்குக்குப் போனது.

அணியின் இன்னொரு பாதி பாதைக்கு வெளியே, பைக் நிறுத்தும் பிட்டில் இருக்கிறது. வீடியோவில் இது சரியாகத் தெரியாது. மண் பாதை ஒரே மாதிரி இருப்பதில்லை. தொடக்கத்தில் உள்ளோரம் வேகமாக இருக்கும். ஓட ஓட, சில்லுகள் மண்ணை வெளியே தள்ளத் தள்ள, பிடிமானமான மண் வெளியோரம் சேரும். தண்ணீர் பவுசர் வந்து நனைத்தால் ஒரு குணம், டிராக்டர் வந்து இழுத்துச் சமப்படுத்தினால் இன்னொரு குணம். முதலில் ஓடிவிட்டு வருகிறவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அடுத்து ஓடப் போகிறவரிடம் சொல்லுவார்: இரண்டாவது திருப்பத்தில் உள்ளே போகாதே, அங்கே மண் இல்லை. அதைக் கேட்டு மெக்கானிக் பின் ஸ்பிராக்கெட்டை மாற்றுவார். ஒருவருடைய எஞ்சின் கைவிட்டால் மற்றவர் தன் இரண்டாவது பைக்கைக் கொடுப்பார். சொந்தக் காசில் கட்டிய பைக், தம்பி. வாரத்துக்கு வாரம் சாப்பாடு போடும் பைக்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வீரர்களின் வருமானம் நாட்டு அணியிலிருந்து வருவதில்லை, லீக் போட்டிகளிலிருந்து வருகிறது. அதிலும் போலந்து லீக்தான் பெரியது. ஒருவரே ஒரு வாரத்தில் போலந்தில் ஒரு கழகத்துக்கும் சுவீடனில் இன்னொரு கழகத்துக்கும் ஓடுவார். ஒரு டென்மார்க்காரரும் ஒரு போலந்துக்காரரும் ஞாயிறு தோறும் ஒரே கழகத்தில் ஜோடியாக ஓடியிருப்பார்கள். உலகக் கோப்பை இரவில் அதே இரண்டு பேர் எதிரெதிர் நிறத்தில் நிற்பார்கள். ஒருவர் எந்தத் திருப்பத்தில் தயங்குவார் என்று மற்றவருக்கு நன்றாகத் தெரியும்.

அணி முகாமையாளருக்கும் அப்போது ஒரு துருப்பு இருந்தது, ஜோக்கர் என்பார்கள். ஒரு அணி 6 புள்ளி அல்லது அதற்கு மேல் பின்தங்கினால் ஒருவரை ஜோக்கராக அனுப்பலாம், அவர் எடுப்பது இரட்டிப்பாகும். வென்றால் 6 புள்ளி. எப்போது போடுவது, யாரைப் போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். சனத்துக்கு அது விருப்பம். எனக்குப் பிடிக்கவில்லை. கஷ்டப்பட்டுச் சேர்த்த ஒற்றைப் புள்ளிகளின் மதிப்பை அது குறைத்துவிடும் என்பது என் எண்ணம். பிந்திய வருடங்களில் அணிக்கு நான்கு பேர், 20 ஓட்டம் என்று போட்டியைச் சுருக்கினார்கள்.

2001 முதல் 2017 வரை 17 உலகக் கோப்பைகள். போலந்து 8, டென்மார்க் 4, சுவீடன் 3, அவுஸ்திரேலியா 2. ஒரு நாடு அளவுக்கு மீறிப் பலமாகிவிட்டது. போலந்தில் இது கிரிக்கெட் நமக்கு எப்படியோ அப்படி. வார்சோ தேசிய அரங்கில் 50,000 பேர் வந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஐந்து நல்ல வீரர்களைத் தேட மற்ற நாடுகள் திண்டாடும்போது போலந்தில் யாரை விடுவது என்பதே பிரச்சினை. இந்த நிலையில் 2018இல் உலகக் கோப்பையை நிறுத்திவிட்டு ஸ்பீட்வே ஒஃப் நேஷன்ஸ் என்ற ஜோடிப் போட்டியைக் கொண்டுவந்தார்கள். நாட்டுக்கு இரண்டு பேர், கூட ஒரு 21 வயதுக்குட்பட்ட இளைஞர். ஒரு ஓட்டத்தில் இரண்டு நாடு, ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு பேர்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை இங்கேதான் கிடைக்கிறது. இப்போது சொந்த அணிக்காரர் பாதையிலேயே பக்கத்தில் இருக்கிறார். 2018இல் அதன் முதலாவது இறுதிப் போட்டி வ்ரோத்ஸ்வாவில், கடைசி ஓட்டம் ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும். பிரிட்டனின் டை வொஃபின்டன் முதலாவதாக வந்தார். ரஷ்யர் இருவரும் இரண்டாவது, மூன்றாவது. மற்ற பிரிட்டன் வீரருக்குப் புள்ளி இல்லை. 3க்கு 3 சமன். ஆனால் தங்கம் ரஷ்யாவுக்கு, ஏனென்றால் கடைசி இடம் பிரிட்டனுடையது. முதலாவதாக வந்தவர் தோற்றுப்போனார் என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஜோடிப் போட்டி என்றால் ஜோடியாக வர வேண்டும்.

பிறகு புள்ளி முறையையே 4, 3, 2, 0 என்று மாற்றினார்கள். கூட்டிப் பாருங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 5. முதலாவதும் கடைசியும் சேர்ந்தால் 4. இனிச் சமன் என்ற பேச்சே இல்லை, தனியே பறந்து போகிறவர் தோற்பார் என்பது புள்ளியிலேயே எழுதப்பட்டுவிட்டது. அதனால் முன்னால் போகிறவர் என்ன செய்வார் தெரியுமா? முதல் சுற்று முடியும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பார். பைக்கில் கண்ணாடி இல்லை. துணைவர் நான்காவதாக இருந்தால், தன்னுடைய வேகத்தைக் கொஞ்சம் விட்டு, பாதையில் எதிராளியின் கோட்டுக்குக் குறுக்கே வந்து, அவரை வெளியே அகல ஓட வைப்பார். அந்த இடைவெளியில் துணைவர் உள்ளே நுழைவார். பிரேக் இல்லாத வண்டியில், மணிக்கு நூறு கிலோமீற்றரை ஒட்டிய வேகத்தில், பின்னால் வருகிறவருக்கு வாசல் திறந்து விடுவது. யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு மாடு எவ்வளவு நன்றாக ஓடினாலும் சோடி மாடு சேர்ந்து வராவிட்டால் வண்டி குறுக்கே இழுபடும். சோடி சேர்ப்பதுதான் கெட்டித்தனம்.

2018 முதல் 2024 வரை ஆறு நேஷன்ஸ் நடந்திருக்கின்றன. ரஷ்யா தொடர்ந்து மூன்று முறை, பிரிட்டன் 2021இலும் 2024இலும், அவுஸ்திரேலியா 2022இல். போலந்து ஒரு முறைகூட இல்லை. 2019 முதல் உலகப் பட்டங்களை அள்ளிக் குவித்த பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் அணியில் இருந்தும் இல்லை. 2021 மன்செஸ்டரில் கடைசி ஓட்டத்தில் போலந்தை பிரிட்டன் வென்றது. 1989க்குப் பிறகு பிரிட்டனுக்குக் கிடைத்த முதல் அணித் தங்கம் அது. ஆனால் 2023இல் பழைய உலகக் கோப்பை திரும்பி வந்தபோது, வ்ரோத்ஸ்வாவில், உடனே போலந்து வென்றது. ஆழமான அணி வேறு, நல்ல ஜோடி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. உலகக் கோப்பையை மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் இடையில் நேஷன்ஸையும் நடத்துவது என்று அப்போது தீர்மானித்தார்கள். எனக்கு அது நல்ல முடிவாகப் பட்டது, இரண்டும் இரண்டு விதமான திறமையைக் கேட்பவை.

சரி, இனித் திருகோணமலை.

மைதானத்தில் தொடங்குவோம். சர்வதேச விதிப்படி பாதையின் நீளம் 260 முதல் 425 மீற்றர் வரை. இதைக் கேட்டதும் மெக்கெய்சர் மைதானம் நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். ஒரே மாலையில் அதன் ஓடுபாதை கிளறப்பட்டுவிடும், எங்கள் பிள்ளைகள் ஓடுவதற்கும் பந்து விளையாடுவதற்கும் இருக்கும் இடம் அது. இங்கிலாந்தில் வெம்பிளி அரங்கத்தில்கூட ஸ்பீட்வே நடந்ததுதான், கார்டிப்பில் கூரையுள்ள அரங்கத்துக்குள் மண் கொட்டி நடத்தினார்கள்தான். அவர்களிடம் கொட்டவும் அள்ளவும் காசு இருக்கிறது. எங்களுக்கு வேண்டியது ஊருக்குக் கொஞ்சம் உள்ளே, வீடுகளுக்குத் தள்ளி, சொந்தமாக ஒரு நிலம். கடற்கரைப் பக்கம் மணல், அது உதவாது. சில்லு புதையும். கந்தளாய் போகும் வழியில் உள்ள செங்கிரவல் மண் நல்லது. கல்லை அரித்து எடுத்து, களி கலந்து, உருளை போட்டு இறுக்கினால் பிடிக்கும்.

காலநிலை பாதி உதவி, பாதி உபத்திரவம். ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை வாடை மழை, அந்த நேரம் பாதை சேறாகிவிடும். மாசியிலிருந்து புரட்டாதி வரை பெரும்பாலும் வறட்சி. அது நல்லது, ஆனால் கச்சான் காற்று அடிக்கும்போது காய்ந்த கிரவல் தூளாகப் பறக்கும், பின்னால் வருகிறவருக்கு முன்னால் இருப்பவர் தெரியமாட்டார். அது உயிராபத்து. முதல் நாள் இரவே பாதையை ஊற நனைத்து, ஓட்டங்களுக்கு இடையிலும் பவுசரால் தெளிக்க வேண்டும். பாதை பராமரிக்கிறவர்தான் இந்த விளையாட்டில் பாதி. தம்பலகாமத்தில் வயல் மட்டம் பார்க்கிற டிராக்டர்காரர்களை நம்பி இந்த வேலையைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், ஈர மண்ணின் குணம் அவர்களுக்குக் கைவந்தது.

வேலியைப் பற்றிப் பேசாமல் மற்ற எதையும் பேசக் கூடாது. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும். எங்கள் நாட்டில் ரேஸ் நடத்த நினைக்கும் எவரும் அந்த நாளை மறக்க முடியாது. ஸ்பீட்வேயிலும் விபத்து உண்டு. 1989 உலக அணிக் கோப்பை இறுதியில், பிரட்ஃபோர்ட் நகரில், முதல் ஓட்டத்தின் முதல் திருப்பத்திலேயே எரிக் குண்டர்சன் விழுந்தார். உயிர் தப்பியதே பெரிய விஷயம், திரும்ப அவர் ஓடவில்லை. என்னைக் கூட்டிப்போன அந்தப் பெரியவர் அதைச் சொல்லும்போது இருபது வருடம் கழித்தும் குரல் தளும்பியது. இப்போது பெரிய போட்டிகளில் திருப்பங்களில் காற்றடைத்த மெத்தை வேலி போடுகிறார்கள். அதற்கு எங்களிடம் வசதி இல்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், பார்வையாளரைத் திருப்பத்தின் வெளிப்பக்கம் நிற்கவே விடக் கூடாது. அம்புலன்ஸும் வைத்தியரும் உள்ளே வந்து நின்ற பிறகே முதல் எஞ்சின் உதைக்கப்பட வேண்டும். அம்புலன்ஸ் காயக்காரரை ஏற்றிக்கொண்டு போனால் அது திரும்பி வரும் வரைக்கும் போட்டி நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இருக்கக் கூடாது.

மெதனோலையும் தொட வேண்டாம். அது எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. வாயில் பட்டால் கண் போகும், உயிரும் போகும். பழகாத கைகளில் அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே 500 சிசி பைக்குகளோடு உலகத் தரத்தில் ஒன்றை இங்கே நடத்துவது இப்போதைக்கு ஏலாது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியை நான் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறேன். டென்மார்க்கில் பிள்ளைகள் 50 சிசி குட்டி பைக்கில்தான் தொடங்குகிறார்கள், பிறகு 80, 85. அந்தத் தொடக்கம் எங்களுக்கும் ஏலும். சிறுபோகம் வெட்டி முடிந்த ஒரு காய்ந்த வயல், வரம்பை வெட்டிச் சமப்படுத்தக் காணிக்காரரின் சம்மதம், 150 மீற்றரில் ஒரு சின்ன முட்டைப் பாதை, பழைய 100 சிசி பைக் நான்கு. பெற்றோலே போதும். முதல் மாதங்களில் இரண்டாவது கியருக்கு மேல் போகாதபடி கட்டிவிடுங்கள். பிரேக்கைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசியாக, எல்லோரும் வழுக்கலைப் பிடிக்கப் பழகிய பிறகு, நான்கு பேரும் ஒரே நாளில் கழற்ற வேண்டும். ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன்.

அணியாகவே தொடங்குங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உப்புவெளியில் இரண்டு பேர், மூதூரில் இரண்டு பேர், 4, 3, 2, 0 என்று புள்ளி. தனியாக ஓட விட்டால் எங்கள் பொடியன்கள் முதல் நாளே யார் பெரியவன் என்று காட்டத்தான் பார்ப்பார்கள், அது ஆஸ்பத்திரியில் முடியும். துணைவர் எங்கே என்று திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் எக்ஸலேட்டரைப் பிடிக்கும் கைக்கும் ஒரு நிதானம் வரும். நான் வோயென்ஸில் சின்னப் பிள்ளைகளின் பயிற்சியில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். இந்த முறை முன்னால் போகிறவரை விட்டுவிட்டு, மூன்றாவது ஹெல்மெட்டின் நிறத்தை நாலு சுற்றும் கண் எடுக்காமல் பாருங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உவர்மலைப் பக்கம் வாருங்கள் தம்பி. வோயென்ஸில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய இடது கால் இரும்புச் சப்பாத்து ஒன்று என்னிடம் இருக்கிறது, அடிப்பக்கம் தேய்ந்து கத்தி மாதிரி இருக்கும். வெல்டிங் தெரிந்த உங்கள் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வந்தால் அளவு எடுத்துக்கொண்டு போகலாம்.